'தக்காசு' என்ற பெயரை ஏன் அழித்தீர்கள்? தமிழ் சப்டைட்டில் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பதிப்புப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

உங்கள் ஓடிடி தளத்தில் 'தொராடோரா' என்ற ஜப்பானிய அனிமே (அசைவூட்டப் படம்) தொடருக்கு நீங்கள் வெளியிட்டிருக்கும் தமிழ் சப்டைட்டில், அந்தத் தொடரின் கதையையே மாற்றிவிட்டது. இதைச் சென்ற டிசம்பர் கடைசியிலேயே உங்களுக்கு எழுதினேன். தமிழ்ப் பார்வையாளர்களின் வசதிக்காகப் பெயர்கள் எளிமைப்படுத்தப்பட்டுள்ளன என்றும், பதிப்பு உங்கள் தர அளவுகோலுக்கு உட்பட்டே இருக்கிறது என்றும் மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. இப்போது அதே சப்டைட்டிலை அடிப்படையாக வைத்துத் தமிழ்க் குரல் பதிவும் செய்யப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். எழுத்தில் இருக்கும் பிழை இனி குரலிலும் ஏறிவிடும் என்பதால், நிறுவனத்தின் பெயரை மட்டும் தவிர்த்துவிட்டு, இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஓசூர் அருகே வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். ஜப்பானியப் பொறியாளர் சொல்வதைத் தமிழ் பேசும் தொழிலாளருக்கும், தொழிலாளர் சொல்வதைப் பொறியாளருக்கும் நேராக எடுத்துச் சொல்வது என் அன்றாட வேலை. இந்த மொழியை நான் கற்கத் தொடங்கியதற்கே இந்தத் தொடர்தான் காரணம். 2011-இல் கல்லூரி விடுதியில், அறைத்தோழியின் மடிக்கணினியில் ஆங்கில சப்டைட்டிலோடு இதை முதன்முதலாகப் பார்த்தபோது, கீழே ஓடிய எழுத்தில் இல்லாத ஏதோ ஒன்று என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரே பையனை ஒருத்தி ஒரு பெயரிலும் இன்னொருத்தி வேறொரு பெயரிலும் அழைத்தார்கள். சில பெயர்களுக்குப் பின்னால் 'குன்' என்று ஓர் ஒட்டு வந்தது, சிலவற்றில் அது இல்லை. அது என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் வாங்கிய ஜப்பானிய அரிச்சுவடிதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. ஆகவே இந்தத் தொடரைப் பற்றி எனக்குப் பற்று உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் கீழே நான் சொல்லும் ஒவ்வொன்றையும் உங்கள் தளத்திலேயே, ஒலியையும் எழுத்தையும் அருகருகே வைத்து, ஜப்பானிய மொழி தெரிந்த எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்த மடலைப் படிக்கும் பொதுவாசகர்களுக்காகத் தொடரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தக்கேமியா யுயுக்கோ 2006 முதல் 2009 வரை பத்துத் தொகுதிகளாக எழுதிய நாவலிலிருந்து ஜே.சி. ஸ்டாஃப் நிறுவனம் எடுத்த 25 எபிசோடு கொண்ட அனிமே இது. 2008 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்தது. இயக்கியவர் நாகாய் தத்சுயூக்கி. திரைக்கதைக்குத் தலைமை ஏற்றவர் ஒக்காதா மாரி. கதை ஓர் உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு வகுப்பில் நடக்கிறது. தக்காசு ரியூஜி (தக்காசு குடும்பப் பெயர், ரியூஜி சொந்தப் பெயர்) என்ற பையனுக்குப் பிறவியிலேயே ரௌடியின் கண்கள். அவன் பார்த்தாலே மற்ற மாணவர்கள் ஒதுங்கிப்போகிறார்கள். உண்மையில் அவன் அரிசி கழுவி, அடுப்படி துடைத்து, இரவெல்லாம் மதுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் தாய்க்குச் சமைத்து வைக்கும் பிள்ளை. ஐசாக்கா தைகா என்ற பெண் ஆள் சிறியவள், கோபம் பெரியது. வாயைத் திறந்தால் வசை, கையை நீட்டினால் அடி. அவனுக்குத் தைகாவின் தோழி மினோரியின் மேல் ஆசை. அவளுக்கு ரியூஜியின் நண்பன் கித்தாமுராவின் மேல் ஆசை. ஒருவருக்கொருவர் உதவுவது என்று இருவரும் உடன்படிக்கை போட்டுக்கொள்ள, அந்த உதவியே அவர்களை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

கேட்பதற்கு எளிய கதைதான். பள்ளிக்கூடக் காதல் நகைச்சுவை என்று ஜப்பானில் ஆண்டுக்குப் பல வருகின்றன. வந்த வேகத்தில் மறந்தும் போகின்றன. இது மட்டும் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியும் ஏன் நிற்கிறது, ஒவ்வொரு டிசம்பரிலும் ரசிகர்கள் ஏன் இதைத் திரும்பவும் எடுத்துப் பார்க்கிறார்கள் என்று கேட்டால், என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: இந்தத் தொடரில் யாரும் தன் மனத்தில் இருப்பதை நேராகச் சொல்வதில்லை. ஆனால் யார் யாருக்குச் சமைக்கிறார்கள், யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்ற இரண்டையும் கவனித்தாலே போதும், எல்லாம் வெளிச்சமாகிவிடும். முதல் எபிசோடில், தவறான பையில் போட்டுவிட்ட காதல் கடிதத்தைத் திரும்பப் பெற நள்ளிரவில் மரவாளோடு ரியூஜியின் வீட்டுக்குள் புகும் தைகா, அவனை அடிக்கப் பாய்ந்த வேகத்தில் பசி மயக்கத்தால் விழுந்துவிடுகிறாள். அவன் அவளைத் திட்டவில்லை, காவலரைக் கூப்பிடவில்லை. வாணலியை அடுப்பில் ஏற்றி, இருந்த சோற்றை வறுத்துக் கொடுக்கிறான். அவள் தட்டிலிருந்து முகத்தை எடுக்காமல் சாப்பிடுகிறாள். பைக்குள் வெறும் உறையைத்தான் அவள் போட்டிருந்தாள், கடிதத்தை வைக்க மறந்துவிட்டாள் என்பதும் அந்த இரவிலேயே தெரிகிறது. கடிதம் இல்லாத உறையும் ஒரு தட்டு வறுத்த சோறும்: காதல் இனி எந்த வழியில் வரப்போகிறது என்பது அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது. சமையல் என்ற பாதிக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. அழைப்பு என்ற மறு பாதிதான் உங்கள் கையில் இருந்தது.

ஜப்பானியப் பள்ளியில் உடன்படிப்பவரைக் குடும்பப் பெயரால் அழைப்பதுதான் வழக்கம். 'குன்' என்பது பெரும்பாலும் பையன்களின் பெயருக்குப் பின்னால் மரியாதையாகச் சேர்க்கும் ஒட்டு. ஒருவரது சொந்தப் பெயரை, அதுவும் ஒட்டு எதுவும் இல்லாமல் அழைப்பவர் வீட்டாராகவோ நெருங்கியவராகவோ இருப்பார். ஆகவே இந்தத் தொடரில் வகுப்பில் ஏறத்தாழ எல்லோரும் ரியூஜியைத் 'தக்காசு' என்ற குடும்பப் பெயரை வைத்தே அழைக்கிறார்கள். நண்பன் கித்தாமுராவுக்கு அவன் 'தக்காசு'. அவன் ஏங்கும் மினோரிக்கு அவன் கடைசி வரை 'தக்காசு-குன்'. அவளும் அவனுக்குக் கடைசி வரை குடும்பப் பெயரால் 'குஷியேதா'. எவ்வளவு ஆசை இருந்தும் 'மினோரி' என்று ஒருமுறை கூப்பிட அவன் நாக்கு எழவில்லை. தாய் அவனை 'ரியூ-ச்சான்' என்று கொஞ்சுகிறாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவனை 'ரியூஜி' என்று அழைப்பவள் ஒரே ஒருத்தி, தைகா. அன்பினால் அல்ல, அவனைத் தன் நாய் என்று அறிவித்து, அதட்டி வேலை வாங்குவதற்காக அப்படித் தொடங்குகிறாள். அதே தைகா, தான் விரும்பும் பையனை மட்டும் 'கித்தாமுரா-குன்' என்று ஒடுங்கிய குரலில் அழைக்கிறாள். யாரிடம் அவளுக்குக் கூச்சம், யாரிடம் அவள் அவளாகவே இருக்கிறாள் என்பதைச் சொல்ல வேறு வசனமே வேண்டாம். ரியூஜியும் தொடக்கத்தில் 'ஐசாக்கா' என்றவன் விரைவிலேயே 'தைகா' என்கிறான், பிறகு மாற்றுவதே இல்லை. தாங்கள் இருவரும் யாரைக் காதலிக்கிறோம் என்று அவர்கள் உணர ஏறத்தாழ இருபது எபிசோடு ஆகிறது. அவர்கள் வாய் அதைத் தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது.

உங்கள் தமிழ் சப்டைட்டிலில் எல்லோரும் அவனை 'ரியூஜி' என்றே அழைக்கிறார்கள். மினோரியும் அழைக்கிறாள், கித்தாமுராவும் அழைக்கிறான், பெயர்கூட இல்லாத வகுப்புத் தோழர்களும் அழைக்கிறார்கள். 'தக்காசு' என்ற சொல் பள்ளிப் பதிவேட்டைக் காட்டும் இடம் போக 25 எபிசோடிலும் இல்லை. இதைத்தான் நீங்கள் எளிமைப்படுத்தல் என்கிறீர்கள்.

அதனால் என்ன கெட்டுப்போனது என்பதை நான் என் வீட்டுக் கூடத்தில் பார்த்தேன். அரையாண்டு விடுமுறைக்குக் கும்பகோணத்தில் அம்மாவிடம் போயிருந்தேன். அண்ணன் மகளும் வந்திருந்தாள், பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். உங்கள் தளத்தில் இந்தத் தொடர் தமிழ் எழுத்தோடு வந்திருப்பதைக் கண்டுபிடித்து, "அத்தை, பாட்டியும் பார்க்கலாம்" என்று ஓடிவந்து சொன்னவள் அவள்தான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட ஒரு கதையை அவருக்குக் காட்ட முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று நான் அடைந்த மகிழ்ச்சிக்காக உங்களுக்கு நன்றிக் கடிதம் எழுதியிருப்பேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வறுத்த சோற்றுக் காட்சியில், "வயித்துக்குப் போட்டாம் பாரு, இனி இவ எங்க போவா" என்றார். அவ்வளவு விரைவாகக் கதையின் உள்ளே போனவர் அவர்.

பத்தொன்பதாம் எபிசோடு கிறிஸ்துமஸ் இரவு. தனியாக இருக்கும் தைகாவைத் தேடிக் கரடி வேடத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வருகிறான் ரியூஜி. அவள் அவனோடு சிரித்து ஆடிவிட்டு, மினோரி காத்திருப்பாள், போய் உன் மனத்தைச் சொல் என்று அவளே அவனை விரட்டி அனுப்புகிறாள். கதவைச் சாத்திய பிறகுதான் தான் எதை அனுப்பிவைத்தோம் என்று அவளுக்கு உறைக்கிறது. செருப்புகூட இல்லாமல் குளிரில் தெருவுக்கு ஓடி, அவன் போய்விட்ட திசையைப் பார்த்து, அவன் பெயரைச் சொல்லிக் கதறுகிறாள். அந்தப் பெயரைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. அதைத் தெரு ஓரத்தில் நின்று மினோரி பார்த்துவிடுகிறாள். பிறகு பள்ளி வாசலில் தன்னைத் தேடி வந்த ரியூஜியைப் பேசவே விடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறாள். தொடரின் பின்பாதி முழுவதும் இந்த ஓர் அழைப்பிலிருந்துதான் கிளைக்கிறது.

அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன்டி, எல்லாருந்தானே அவனை அப்படிக் கூப்புடுறாங்க? இவ கூப்பிட்டா மட்டும் அந்தப் பொண்ணு ஏன் அப்படி நின்னு பாக்குது?"

இந்தக் கேள்விக்கு உங்கள் சப்டைட்டிலில் பதில் இல்லை. நான் தொடரை நிறுத்திவிட்டு விளக்கினேன்: மற்ற யாரும் அவனை அப்படிக் கூப்பிடவில்லை அம்மா, மினோரி ஒருநாளும் அவன் பெயரைச் சொன்னதில்லை, இவள் ஒருத்திதான். அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. என் அம்மா திருமணமாகி நாற்பத்தொரு ஆண்டுகளில் அப்பாவின் பெயரை ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. வங்கியில் படிவம் நிரப்பும்போது கணவர் பெயர் என்ன என்று கேட்டால், தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பார், நான் சொல்வேன். சிறுவயதில் எனக்கு அது எரிச்சலாக இருக்கும், இன்றும் அந்த வழக்கத்தை நான் ஏற்பதில்லை. ஆனால் ஒரு பெயரைச் சொல்வதற்கும் சொல்லாமல் இருப்பதற்கும் எவ்வளவு எடை உண்டு என்பதை அந்தக் கூடத்தில் என்னைவிட அதிகமாக அறிந்தவர் அவர். இந்தத் தொடரை விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்ளக் கூடியவர்கள் உலகத்தில் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். அவருக்காக என்று சொல்லி நீங்கள் செய்த எளிமைப்படுத்தல், அவரைத்தான் கதைக்கு வெளியே நிறுத்தியது. "அதை முன்னாடியே போட்டிருக்க வேணாமா? மறுபடி முதல்லேருந்து வை" என்றார். வைத்தேன், ஒவ்வோர் அழைப்பு வரும்போதும் காதில் விழும் பெயரை நான் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். சந்தா கட்டிப் பார்க்கும் ஒருவருக்கு அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

பெயர்களோடு இது முடிந்திருந்தால் ஒரு தவறான முடிவு என்று விட்டிருப்பேன். இந்தப் பதிப்பு ஜப்பானிய ஒலியைக் கேட்டுச் செய்யப்பட்டதே இல்லை, ஆங்கில எழுத்தை இயந்திரத்தில் போட்டு எடுத்தது என்பதற்கு அதிலேயே சான்று இருக்கிறது. தைகாவுக்கு வகுப்பில் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'தெனோரி தைகா'. கையில் வந்து உட்காரும்படி பழக்கிய குருவியை ஜப்பானியர் 'தெனோரி' என்பார்கள். 'தைகா' என்பது பேராறு என்று பொருள்படும் எழுத்துகளில் எழுதப்பட்டாலும், காதுக்கு டைகர் என்றே கேட்கும். உள்ளங்கையில் அடங்கும் புலி என்று கேலி. ஆங்கிலத்தில் இதைப் பாம்டாப் டைகர் என்றார்கள். உங்கள் தமிழில், இரண்டாவது எபிசோடில், இது 'பனை உச்சிப் புலி' என்று வருகிறது. ஆங்கிலத்தில் பாம் என்பது உள்ளங்கைக்கும் பனைக்கும் பொதுவான சொல். ஜப்பானிய மொழியில் இந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை. 'உள்ளங்கைப் புலி' என்று எழுத ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட அங்கே ஒரு மனிதர் இல்லை.

இந்தப் பட்டப்பெயர் போகிற போக்கில் வருவதும் அல்ல. தொடரின் தலைப்பே அதுதான். 'தொரா' என்றால் புலி. 'டோரா' என்பது டிராகன் என்ற சொல்லின் முன்பாதி, ரியூஜியின் பெயரில் இருக்கும் 'ரியூ' என்பதும் டிராகனே. புலிக்கு நிகராகப் பக்கத்தில் நிற்கக் கூடியது பழங்காலம் தொட்டு டிராகன் ஒன்றுதான் என்பது கிழக்காசிய மரபு. தைகாவின் பக்கத்தில் தான் நிற்பேன் என்று ரியூஜி சொல்வது அந்த மரபை வைத்துத்தான். புலி பனை உச்சிக்குப் போய்விட்ட பிறகு, அந்த வாக்கு எதைப் பற்றியது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

என்னை அதிகம் வருத்தியது இன்னொன்று. தமிழும் ஜப்பானிய மொழியும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் மொழிகள். வீட்டை விட்டு இறங்கும்போது ஜப்பானியர் 'இத்தெகிமாசு' என்பார்கள். அதன் நேர்ப் பொருள் 'போய்விட்டு வருகிறேன்'. சொல்லுக்குச் சொல் நம் வீட்டு வாசலில் நாம் சொல்வதேதான். ஆங்கிலத்துக்கு அந்த வழக்கம் இல்லாததால் அங்கே அது 'நான் கிளம்புகிறேன்' ஆயிற்று. அங்கிருந்து தமிழுக்கு வந்தபோது 'நான் போகிறேன்' ஆகிவிட்டது. தமிழ் வீட்டில் யாரும் வாசலில் நின்று 'போகிறேன்' என்று சொல்லமாட்டார்கள், சொன்னால் வீட்டில் இருப்பவர் பதறுவார். அதேபோல் 'சுக்கி' என்ற சொல். அது 'பிடிக்கும்' என்பதற்கு மிக அருகில் இருப்பது. சோறும் பிடிக்கும், ஊரும் பிடிக்கும், ஒருவரையும் பிடிக்கும். 'உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது' என்று நம் பிள்ளைகள் சொல்வதில் உள்ள தயக்கமும் தப்பிக்க வைத்திருக்கும் வழியும் அதில் அப்படியே இருக்கின்றன. உங்கள் எழுத்தில் எல்லா இடத்திலும் 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று மேடைப் பேச்சாக வருகிறது. தமிழில் உரிய சொல் இருந்தும், ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்ததால் அது தொலைந்துபோயிற்று.

மரியாதைச் சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்தான். நமக்கு நீ உண்டு, நீங்கள் உண்டு, வா உண்டு, வாங்க உண்டு. உங்கள் சப்டைட்டிலில் மாணவர்கள் வகுப்பு ஆசிரியையை 'நீ என்ன சொல்கிறாய்' என்று கேட்கிறார்கள். ஜப்பானிய ஒலியில் அவர்கள் பணிவாகத்தான் பேசுகிறார்கள். காவாஷிமா ஆமி என்ற பெண் இதைவிடப் பாதிக்கப்பட்டிருக்கிறாள். அவள் மாடல் அழகி. பெரியவர்கள் முன்னிலையில் தேன் ஒழுகும் பணிவான மொழி, அவர்கள் நகர்ந்தவுடன் தைகாவிடம் வெட்டும் கொச்சை. அந்த இரண்டு மொழிக்கும் இடையில்தான் அவளது தனிமை இருக்கிறது. கடைசியில் தொடரிலேயே எல்லாவற்றையும் முதலில் புரிந்துகொண்டவள் அவளே என்பது மெல்ல மெல்லத் தெரியவருகிறது. உங்கள் தமிழில் அவள் முதலிலிருந்து முடிவு வரை ஒரே தொனியில், பாடப்புத்தக நடையில் பேசுகிறாள். அண்ணன் மகள் அவளைப் பற்றி, "இந்தக் கேரக்டர் எதுக்கு அத்தை?" என்று கேட்டாள். நான் விடுதியில் இருந்த காலத்தில் என் தோழிகளில் பாதிப்பேருக்கு மிகவும் பிடித்தவள் ஆமிதான்.

ஒருவருக்கு இரண்டு பெயர் இருந்தால் தமிழ்ப் பார்வையாளர் குழம்பிவிடுவார் என்பது உங்கள் பதிலின் உட்பொருள். அதை நான் மறுக்கிறேன். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் வெளியிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக ஊர் ஊராக வந்து சேர்ந்த ருஷ்ய நாவல்களில் ஒருவருக்கு மூன்று பெயர் இருக்கும்: வீட்டுப் பெயர், தந்தை பெயரோடு சேர்ந்த மரியாதைப் பெயர், குடும்பப் பெயர். பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர்கள்கூட அவற்றை வாங்கிப் படித்து அழுதிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கின்றன. அதற்கும் முன்னால், அர்ச்சுனன் என்றும் பார்த்தன் என்றும் விசயன் என்றும் தனஞ்சயன் என்றும் ஒருவனையே இரவெல்லாம் கூத்தில் கேட்டவர்கள் நம் முன்னோர். யார் எந்த நேரத்தில் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பதிலேயே சுவை கண்டவர்கள். 'தக்காசு' என்றாலும் 'ரியூஜி' என்றாலும் ஒரே பையன்தான் என்று புரிந்துகொள்ள அவர்களின் பிள்ளைகளுக்கு அரை எபிசோடு போதும்.

செலவு பற்றியும் நீங்கள் சொல்லக் கூடும். 25 எபிசோடு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 24 நிமிடம்; மொத்தம் பத்து மணி நேரம். ஜப்பானிய மொழியிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு மொழிபெயர்க்கக் கூடியவர்கள் சென்னையிலும் ஓசூரிலும் இருக்கிறார்கள். தொழிற்சாலைகளில் தினமும் அதைத்தான் செய்கிறார்கள். என்னை அமர்த்துங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. எனக்கு வேலை இருக்கிறது. தகுதியான ஒருவரை அமர்த்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

குரல் பதிவைப் பற்றிய என் அச்சம் இதைவிடப் பெரியது. தைகாவுக்குக் குரல் கொடுத்த குகிமியா ரியே அந்த ஒரே பெயரை எத்தனை விதமாகச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பசிக்கு ஒரு 'ரியூஜி', அதட்டலுக்கு ஒரு 'ரியூஜி', தூக்கக் கலக்கத்தில் ஒன்று, அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் தெருவில் நின்று ஒன்று. சப்டைட்டில் தவறாக இருந்தாலும் இன்றுவரை அந்த ஒலி பார்ப்பவர் காதில் விழுகிறது. கவனமாகக் கேட்பவர் தாமே திருத்திக்கொள்ளலாம். தமிழ்க் குரல் மேலே ஏறிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். எல்லோர் வாயிலிருந்தும் 'ரியூஜி' என்றே கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, பத்தொன்பதாம் எபிசோடில் அந்தக் குரல் நடிகை என்ன பாடுபட்டு அழுதாலும் அதன் பொருளைக் கொடுக்க முடியாது.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்பவை இவை.

முதலாவதாக, இப்போதுள்ள தமிழ் சப்டைட்டிலை அடிப்படையாகக் கொண்டு எந்தக் குரல் பதிவையும் தொடங்காதீர்கள், தொடங்கியிருந்தால் நிறுத்திவையுங்கள்.

இந்தத் தொடரின் 25 எபிசோடுக்கும் ஜப்பானிய மூலத்திலிருந்தே, இரு மொழியும் அறிந்த ஒரு மனித மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு புதிய தமிழ் சப்டைட்டில் செய்யுங்கள். ஒவ்வோர் எபிசோடின் முடிவிலும் அவர் பெயரைப் போடுங்கள். பெயர் போட்டால் பொறுப்பு வரும். இப்போதைய பதிப்பில் யார் பெயரும் இல்லை. புதியது வரும்வரை, இப்போதைய பதிப்பு ஆங்கிலத்திலிருந்து இயந்திரத்தால் மொழிபெயர்க்கப்பட்டது என்ற குறிப்பைத் தொடரின் பக்கத்தில் தெளிவாகத் தெரிவியுங்கள்; அது தெரிந்திருந்தால் நான் அம்மாவை உட்கார வைத்திருக்கமாட்டேன்.

புதிய பதிப்பில் யார் யாரை எந்தப் பெயரால் அழைக்கிறார்களோ அதை அப்படியே வையுங்கள். 'தக்காசு', 'குஷியேதா', 'கித்தாமுரா-குன்' எல்லாம் இருக்கட்டும். நீ, நீங்கள் என்பதை மூல ஒலியில் உள்ள பணிவையும் நெருக்கத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். முழுத் தொடருக்கும் ஒரே அழைப்புப் பட்டியலைத் தயாரித்து, அதையே குரல் பதிவு எழுத்தாளருக்கும் கொடுங்கள்.

தமிழ்ப் பதிப்பில் உள்ள பிழையைத் தமிழிலேயே தெரிவிக்க ஒரு வழி ஏற்படுத்துங்கள். நான் உங்களுக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. என் அம்மாவின் கேள்வி உங்களை வந்து சேர இப்போது வழியே இல்லை.

எபிசோடு எண்ணும் நிமிடமும் குறித்து, 214 இடங்களில் உள்ள பிழைகளை ஒரு பட்டியலாக எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பணம் எதுவும் பெறாமல் உங்களுக்குத் தரத் தயார். குரல் பதிவுக்கான முதல் நாளைக் குறிப்பதற்கு முன் உங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர், ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர்
ஓசூர்